சர்ச்சு முதல் பாங் வரை: இரண்டு கணவாய்களைத் தாண்டும் நாள்

மணாலியிலிருந்து லே வரை சைக்கிளில் போகிறவர் ஐந்து கணவாய்களைக் கடக்கிறார்: ரோதாங், பாராலாச்சா, நக்கீ, லாச்சுங், தங்லங். இவற்றில் கடைசியாக வரும் தங்லங் லாதான் உயரமானது, 5,328 மீட்டர். பெயரும் புகழும் அதற்குத்தான். ஆனால் இந்தச் சாலையில் ஆளைப் பிழிந்தெடுக்கும் நாள் அதற்கு முன்பே வந்துவிடுகிறது. சர்ச்சுவில் கூடாரத்தை விட்டுக் கிளம்பி, நக்கீ லா (4,739 மீ), லாச்சுங் லா (5,059 மீ) இரண்டையும் ஒரே பகலில் ஏறி இறங்கிப் பாங் முகாமைச் சேர வேண்டிய நாள் அது. மொத்தம் 75 முதல் 80 கிலோமீட்டர். ஊரில் ஞாயிற்றுக்கிழமை காலைச் சாப்பாட்டுக்கு முன் ஓட்டி முடிக்கிற தூரம்தான். இங்கே விடியலிலிருந்து மாலை வரை எடுக்கும்.

இந்த நாளுக்குக் கால்பலம் தேவைதான். ஆனால் அதைவிட அதிகம் தேவைப்படுவது பொறுமையாக ஓட்டும் பழக்கம். ஏற்றத்தில் யார் எவ்வளவு வேகமாக மிதித்தார் என்பதை இந்தப் பாதை கணக்கில் எடுப்பதே இல்லை. மூச்சு வாங்காத வேகத்தில் பத்து மணி நேரம் நகர்ந்துகொண்டே இருப்பவர் பாங் சேர்கிறார். முதல் இரண்டு மணி நேரத்தில் வீரம் காட்டியவர் இரண்டு கணவாய்களுக்கும் நடுவே வரும் விஸ்கி நாலாவில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார்.

வழியின் அமைப்பு

சர்ச்சு 4,290 மீட்டர் உயரத்தில் உள்ள அகன்ற சமவெளி. ஹிமாச்சலப் பிரதேசமும் லடாக்கும் சந்திக்கும் எல்லை. கிளம்பியதும் முதல் 24 கிலோமீட்டர் ட்சாரப் ஆற்றை ஒட்டியே சாலை போகும். லேசான ஏற்ற இறக்கங்கள், மொத்தத்தில் கொஞ்சம் இறக்கம். அது முடிகிற இடத்தில் சாலை ஆற்றை விட்டு விலகி மலைச்சுவரில் ஏறத் தொடங்கும். அதுதான் காட்டா லூப்ஸ்: 21 கொண்டை ஊசி வளைவுகள், ஏறத்தாழ 10 கிலோமீட்டர். 4,190 மீட்டரில் தொடங்கி 4,600-ஐத் தாண்டி விடுகிறது. வளைவுகள் தீர்ந்த பிறகும் ஏற்றம் தீராது. மலையின் இடுப்பைச் சுற்றிப் போய்த்தான் நக்கீ லா வரும்.

அங்கிருந்து ஓர் இறக்கம். பாடுபட்டு ஏறிய உயரத்தில் ஒரு பகுதியை இங்கே திருப்பிக் கொடுத்து விஸ்கி நாலா என்ற ஓடைப் பள்ளத்துக்கு வருகிறீர்கள். மறுபடி ஏறினால் லாச்சுங் லா. பிறகு செங்குத்தான பாறைச் சுவர்களுக்கு நடுவே 20 கிலோமீட்டருக்கு மேல் இறங்கினால் பாங், ஏறத்தாழ 4,600 மீட்டர்.

கூட்டிப் பார்த்தால் நாள் முழுவதற்கும் ஏற்றம் ஆயிரம் மீட்டரை ஒட்டித்தான் வரும். கொல்லிமலையில் காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளை ஏறியவர்களுக்கும், மசினகுடியிலிருந்து கல்லட்டி வழியாக 36 வளைவுகளில் ஊட்டி போனவர்களுக்கும் இந்த எண் பெரிதாகத் தெரியாது. கல்லட்டியின் சரிவு காட்டா லூப்ஸைவிடக் கடுமையானது என்பதும் உண்மை. லடாக் சாலை ராணுவ லாரிகள் சுமையோடு ஏறுவதற்காக வெட்டப்பட்டது. பெரும்பாலும் நூற்றுக்கு ஐந்து, ஆறு என்ற அளவில்தான் சாய்ந்திருக்கும்.

இங்கே தடுப்பது காற்று. 5,000 மீட்டரில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் பாதியைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜனும் அதே விகிதத்தில் குறைந்துவிடுகிறது. ஊட்டி 2,240 மீட்டர், தொட்டபெட்டா 2,637 மீட்டர். நம் ஊர் மலைகளில் கால்களையும் பின்புறத்தையும் பழக்கலாம். கியர் மாற்றும் ஒழுங்கைப் பழக்கலாம். இந்த உயரத்துக்கு நுரையீரலையும் ரத்தத்தையும் பழக்க அங்கே வழியில்லை. அதை வழியிலேயே, நாட்களைச் செலவழித்துத்தான் செய்ய வேண்டும்.

சர்ச்சுவுக்கு முன்பே எடுக்க வேண்டிய முடிவு

இந்த அத்தியாயத்தில் வேறு எதை மறந்தாலும் இந்தப் பகுதியை மறக்க வேண்டாம்.

உயர நோய் வந்தால் செய்ய வேண்டியது ஒன்றே: கீழே இறங்குவது. சர்ச்சு–பாங் பகுதியில் அந்த வழி எளிதாகக் கிடைக்காது. சர்ச்சுவிலிருந்து திரும்பினால் 4,890 மீட்டர் பாராலாச்சா லாவை ஏறித்தான் இறங்க வேண்டும். பாங்கிலிருந்து திரும்பினால் லாச்சுங் லா, முன்னே போனால் தங்லங் லா. இரு பக்கமும் கதவு சாத்திய அறை போன்ற இடம் இது. அதனால் உடம்பு தயாரா என்ற கேள்விக்கான பதில் சர்ச்சுவில் அல்ல, அதற்கு முன் வரும் கேலாங்கிலும் ஜிஸ்பாவிலும் கிடைத்துவிட வேண்டும்.

3,000 மீட்டருக்கு மேல் போன பிறகு, உறங்கும் இடத்தின் உயரம் ஓர் இரவுக்கு 500 மீட்டருக்கு மேல் கூடக்கூடாது என்பது மலை மருத்துவத்தில் பரவலாக ஏற்கப்பட்ட விதி. ஜிஸ்பா 3,200 மீட்டர். அங்கிருந்து ஒரே நாளில் வண்டியில் சர்ச்சு வந்து தூங்குகிறவர்களின் உயரம் ஆயிரம் மீட்டருக்கு மேல் தாவிவிடுகிறது. சர்ச்சுவின் கூடாரங்களில் இரவெல்லாம் இருமலும் வாந்தியும் கேட்பதற்கு அதுதான் காரணம். சைக்கிள்காரர்களுக்கு இதில் ஒரு சாதகம் உண்டு: மெதுவாகத்தான் வர முடியும். அந்தச் சாதகத்தை வீணாக்க வேண்டாம். ஜிஸ்பாவிலோ கேலாங்கிலோ இரண்டு இரவு தங்குங்கள். பிறகு பட்சியோ பக்கம் ஓர் இரவு, ஜிங்ஜிங்பாரில் ஓர் இரவு, அதன் பின் பாராலாச்சாவைத் தாண்டிச் சர்ச்சு. 2020 அக்டோபரில் அடல் சுரங்கப்பாதை திறந்த பிறகு, ரோதாங் ஏற்றத்தை விட்டுவிட்டு வாகனத்தில் லாஹௌல் வந்து அங்கே சைக்கிளை இறக்குபவர்கள் உண்டு. அவர்கள் ரோதாங்கில் கிடைத்திருக்க வேண்டிய பழக்கத்தை இழக்கிறார்கள். கேலாங்கில் கூடுதலாக ஒரு நாளாவது இருக்க வேண்டும்.

அசிட்டசோலமைடு மாத்திரை உடல் உயரத்துக்குப் பழகுவதை விரைவுபடுத்தும். ஊரிலேயே மருத்துவரிடம் கேட்டு வாங்குங்கள். சல்ஃபா மருந்துகள் ஒத்துக்கொள்ளாதவர்கள் அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். தலைவலி மாத்திரை வேறு விஷயம். அது வலியை மறைக்கும். நோயை அப்படியே வைத்திருக்கும். வலி மாத்திரை போட்டுக்கொண்டு காட்டா லூப்ஸ் ஏறக் கூடாது.

சர்ச்சுவில் விழித்த காலையில் மூன்று கேள்விகள். தலை வலிக்கிறதா? சாப்பாட்டைப் பார்த்தால் குமட்டுகிறதா? ஒரு காலின் குதிகாலை மற்றக் காலின் விரல்நுனியில் ஒட்டவைத்து நேர்கோட்டில் பத்து அடி நடக்க முடிகிறதா? லேசான தலைவலி மட்டும் இருந்து, டீ குடித்துச் சாப்பிட்டதும் போய்விட்டால் கிளம்பலாம். தலைவலியோடு குமட்டலும் இருந்தால் அன்று ஓய்வு. நடை தள்ளாடினால் சைக்கிளை மறந்துவிட்டு, கிடைக்கும் வண்டியில் ஏறிக் கீழே போய்விட வேண்டும்.

கியர், சுமை, கலோரி

ஏற்றத்தில் என்ன வேகத்தில் போவீர்கள் என்பதைக் கணக்குப் போட்டே தெரிந்துகொள்ளலாம். ஆள் 65 கிலோ, சைக்கிள் 15, மூட்டை 20 என்று வைத்தால் மொத்தம் 100 கிலோ. நூற்றுக்கு ஆறு சரிவில் மணிக்கு 5 கிலோமீட்டர் போக ஏறத்தாழ 100 வாட் வேண்டும். ஓரளவு பயிற்சி உள்ளவர் 4,500 மீட்டர் உயரத்தில் மணிக்கணக்காகத் தரக்கூடியது கிட்டத்தட்ட அவ்வளவுதான். ஆக, உங்கள் வேகம் மணிக்கு 5 கிலோமீட்டர். அந்த வேகத்தில் கால்கள் நிமிடத்துக்கு 60 சுற்றாவது சுழல வேண்டும். இல்லையென்றால் ஒவ்வொரு மிதியும் முழங்காலில் இறங்கும்.

முன்னால் 22 பல், பின்னால் 34 பல் உள்ள சைக்கிளில் 60 சுற்றுக்கு 4.9 கிலோமீட்டர் வேகம் வரும். கணக்குச் சரியாகப் பொருந்துகிறது. முன்னால் 34, பின்னால் 28 உள்ள ரோடு பைக்கில் அதே 60 சுற்றுக்கு 9 கிலோமீட்டருக்கு மேல் போயாக வேண்டும். அதற்குக் கிட்டத்தட்ட இரட்டிப்பு வலு தேவை. அந்தக் காற்றில் அது கிடைக்காது. இந்தப் பயணத்துக்காகப் பணம் செலவழிக்க நினைப்பவர்கள் கார்பன் ஃபிரேமை விட்டுவிட்டுச் சின்ன முன்பல்லையும் பெரிய பின்பல்லையும் வாங்குவது நல்லது. டயர் இரண்டு அங்குல அகலம் இருந்தால் லாச்சுங் லாவுக்கு அப்பால் இருக்கும் கல்லும் மணலும் பயமுறுத்தாது.

நூறு கிலோவை ஆயிரம் மீட்டர் தூக்க, உடம்பு ஏறத்தாழ 1,000 கலோரி எரிக்கிறது. சமதளத்தில் ஓட்டுவது, குளிர், சும்மா இருந்தாலே ஆகும் செலவு எல்லாம் சேர்ந்தால் நாளின் தேவை 3,000 கலோரியைத் தாண்டிவிடும். சிக்கல் என்னவென்றால் உயரத்தில் பசியே எடுக்காது. பசிக்கட்டும் என்று காத்திருந்தால் சாப்பிடவே மாட்டீர்கள். முக்கால் மணிக்கு ஒரு முறை, பிடிக்கிறதோ இல்லையோ, கொஞ்சம் வாயில் போட வேண்டும். நம் ஊர்க் கடலைமிட்டாய் இதற்கென்றே செய்தது போல இருக்கிறது. நூறு கிராமில் ஏறத்தாழ 500 கலோரி, குளிரில் கல்லாகாது, பிய்த்துச் சட்டைப்பையில் போட்டுக்கொள்ளலாம். பேரீச்சை, உலர் திராட்சை, வறுத்த வேர்க்கடலை எல்லாம் நல்லவை. சாக்லேட் குளிரில் பல்லை உடைக்கும். வறுத்து அரைத்த சத்துமாவு ஒரு பொட்டலம் எடுத்துப் போகச் சொல்வேன்: தாபாவில் வெந்நீர் கேட்டு நாட்டுச்சர்க்கரையோடு கலந்தால் இரண்டு நிமிடத்தில் ஒரு வேளை உணவு. அந்த உயரத்தில் தண்ணீர் 85 டிகிரியை ஒட்டியே கொதித்துவிடுவதால் பிரஷர் குக்கர் இல்லாமல் அரிசியோ பருப்போ வேகாது. சொந்தமாகச் சமைக்கிறவர்கள் ஏற்கெனவே வறுத்ததையும் சீக்கிரம் வேகிறதையும் மட்டும் சுமக்க வேண்டும்.

காலை: ஆற்றங்கரை

ஆறு மணிக்கு மிதிக்கத் தொடங்குங்கள். ஆகஸ்டில்கூட விரல் விறைக்கும் குளிர் இருக்கும்; செப்டம்பரில் பாட்டில் தண்ணீர் உறைந்திருக்கும். பாட்டிலையும் கைப்பேசியையும் பேட்டரிகளையும் இரவு தூங்கும் பையின் உள்ளேயே வைத்துக்கொண்டால் இந்தத் தொல்லை இல்லை. சீக்கிரம் கிளம்பச் சொல்வதற்கு இரண்டு காரணங்கள். வெயில் ஏற ஏறப் பனி உருகி ஓடைகளில் தண்ணீர் பெருகும். காலையில் கணுக்கால் நனையும் இடத்தில் பிற்பகல் முழங்கால் முங்கும். அடுத்தது காற்று. நண்பகலுக்குப் பிறகு பள்ளத்தாக்கில் எழும் காற்று எதிரில் வந்தால் மிதிப்பது பாதியாகிவிடும்.

இந்த 24 கிலோமீட்டரில் சாலை நல்ல தார்ச்சாலை, கால்கள் புதிது, ஆறு கூடவே வருகிறது. வேகமாகப் போகத் தோன்றும். பக்கத்தில் ஆள் இருந்தால் முழு வாக்கியம் பேச முடிகிற வேகத்துக்கு மேல் போகாதீர்கள். தனியாகப் போகிறவர்கள் வாய்விட்டுப் பாடிப் பார்க்கலாம். இரண்டு வரி தொடர்ந்து வரவில்லை என்றால் வேகம் கூடிவிட்டது என்று பொருள்.

ஆற்றை விட்டு விலகும் முன் தண்ணீர் நிரப்பியாக வேண்டும். காட்டா லூப்ஸில் ஒரு சொட்டுக் கிடையாது. அடுத்த தண்ணீர் விஸ்கி நாலாவில்தான். ஆளுக்கு 4 லிட்டர் கையில் இருக்க வேண்டும். ஆற்றுநீர் வண்டல் கலந்து சாம்பல் நிறத்தில் வரும். சர்ச்சு தாபாவிலேயே கொதிக்கவைத்த தண்ணீரை நிரப்பிக்கொள்வது உத்தமம். ஒரு லிட்டரில் ஓ.ஆர்.எஸ். பொட்டலம் ஒன்றைக் கரைத்து வைத்துக்கொள்ளுங்கள்.

காட்டா லூப்ஸ்

கீழே நின்று நிமிர்ந்து பார்த்தால் லாரிகள் ஒன்றன்மேல் ஒன்றாக, எதிர்எதிர்த் திசையில் ஊர்வது தெரியும். அதைப் பார்த்துக்கொண்டே நிற்பதில் பயனில்லை. உட்கார்ந்து பத்து நிமிடம் சாப்பிடுங்கள், குளிருக்குப் போட்ட ஜாக்கெட்டைக் கழற்றுங்கள், முகத்துக்கும் காதுக்கும் கழுத்தின் பின்பக்கத்துக்கும் சன்ஸ்கிரீன் தடவுங்கள். உயரம் ஆயிரம் மீட்டர் கூடும்போது புற ஊதாக் கதிர் நூற்றுக்குப் பத்து என்ற அளவில் கூடுகிறது. கறுப்புத் தோல் காப்பாற்றும் என்ற நம்பிக்கையில் வருகிற நம்மவர்களுக்கு மூக்கும் உதடும் வெடித்துவிடுகின்றன.

கொண்டை ஊசி வளைவை ஏறுவதில் ஒரு நுட்பம் உண்டு. நாம் சாலையின் இடப்பக்கம் போகிறோம். வலப்பக்கம் திரும்பும் வளைவில் நமக்கு வெளிவட்டம் கிடைக்கிறது. தூரம் அதிகம், சரிவு குறைவு, கிட்டத்தட்ட ஓய்வு மாதிரி. இடப்பக்கம் திரும்பும் வளைவில் உள்வட்டத்தில் மாட்டிக்கொள்கிறோம். அங்கே ஆறேழு மீட்டருக்குச் சாலை சுவர் மாதிரி நிமிரும். லாரிச் சக்கரங்கள் அரைத்து அரைத்துத் தார் பெயர்ந்து ஜல்லியாகவும் கிடக்கும். ஆகவே இடது வளைவு வருவதற்கு முன்பே மேலும் கீழும் பாருங்கள், காதாலும் கேளுங்கள். வண்டி இல்லையென்றால் சாலையின் நடுவுக்கு வந்து சரிவு குறைந்த கோட்டைப் பிடியுங்கள். வண்டி வருகிறது என்றால் வளைவுக்கு முன்பே இறங்கி நின்று அதைப் போகவிடுங்கள். இறங்கி வரும் லாரி வளைவில் முழு அகலத்தையும் எடுத்துக்கொள்ளும்.

கியரை வளைவுக்கு முன்னமே குறைத்துவிட வேண்டும். சரிவில் முழு அழுத்தம் கொடுத்தபடி கியர் மாற்றினால் செயின் கழலும், சில சமயம் அறும். எழுந்து நின்று மிதிக்க வேண்டாம். அதில் கிடைக்கும் பத்து நொடி வேகத்துக்கு இரண்டு நிமிடம் மேல்மூச்சு வாங்க வேண்டியிருக்கும். இருக்கையில் சற்று முன்னே நகர்ந்து, ஹேண்டில்பாரை இறுக்காமல், தோளைத் தளர்த்தி உட்காருங்கள். மூச்சைக் காலோடு சேர்த்துக்கொள்ளுங்கள்: இரண்டு மிதிக்கு உள்ளே, இரண்டு மிதிக்கு வெளியே. வெளியே விடும் மூச்சைத்தான் அழுத்தி விட வேண்டும். உள்ளே வருவது தானாக வரும்.

இரண்டு வளைவுக்கு ஒரு முறை நிற்பது என்று முன்கூட்டியே வைத்துக்கொள்ளுங்கள். களைத்த பிறகு நிற்பதைவிடக் களைக்கும் முன் நிற்பது மேல். இரு பக்கமும் ஓட்டுநர்களுக்குத் தெரிகிற நேர்ப்பகுதியில் நில்லுங்கள், வளைவில் அல்ல. மூன்று நிமிடம் போதும். பத்து நிமிடம் உட்கார்ந்தால் வியர்வை குளிர்ந்து உடம்பு மரத்துப்போகும். மறுபடி கிளம்ப, சைக்கிளைச் சாலைக்குக் குறுக்கே சற்றுச் சாய்வாக நிறுத்தி, ஒரு பெடலைக் கடிகாரத்தின் இரண்டு மணி முள் இருக்கும் நிலைக்குக் கொண்டுவந்து மிதியுங்கள். நேராக மேலே பார்த்துக் கிளம்பினால் சுமையோடு முன்சக்கரம் ஆடும்.

வளைவுகளுக்கு இடையே செங்குத்தாக ஏறும் மண்தடங்கள் தென்படும். குறுக்குவழி போலத் தெரியும். சைக்கிளைத் தோளில் தூக்கி அதில் ஏறினால் ஐந்து நிமிடத்தில் நாடித்துடிப்பு உச்சத்துக்குப் போய்விடும். அதன்பின் அரை மணி நேரம் எதற்கும் உதவ மாட்டீர்கள். மலைச்சரிவும் அரிக்கும். சாலையிலேயே போங்கள்.

முடியாதபோது இறங்கித் தள்ளலாம். தள்ளினால் மணிக்கு மூன்று, மூன்றரை கிலோமீட்டர், மிதித்தால் ஐந்து. வித்தியாசம் பெரிதல்ல. தள்ளும்போது வேறு தசைகள் வேலை செய்வதால் தொடைகளுக்கு ஓய்வு கிடைக்கிறது. நூறு மிதி, ஐம்பது நடை என்று மாற்றி மாற்றிப் போகிறவர்கள் நல்ல நிலையில் மேலே வந்து சேர்வதைப் பார்த்திருக்கிறேன்.

வழியில் ஒரு சின்னக் கோயில் வரும். கல் அடுக்கின் முன்னால் தண்ணீர்ப் பாட்டில்கள் குவிந்து கிடக்கும். முன்னொரு காலத்தில் பனியில் பழுதான லாரியைக் காத்துக்கொண்டு தனியே கிடந்து இறந்துபோன கிளீனர் பையனின் ஆவி தாகத்துக்குத் தண்ணீர் கேட்கிறது என்பது லாரிக்காரர்கள் சொல்லும் கதை. கடந்து போகிறவர்கள் வண்டியை நிறுத்தி ஒரு பாட்டில் வைத்துவிட்டுப் போகிறார்கள். நீங்களும் அங்கே நின்று உங்களிடம் எவ்வளவு தண்ணீர் மிச்சம் என்று பாருங்கள். இரண்டு லிட்டருக்குக் குறைந்திருந்தால் அடுத்து வரும் லாரியை நிறுத்திக் கேட்கத் தயங்க வேண்டாம். இந்தச் சாலையில் தண்ணீர் கேட்டு இல்லை என்று சொல்கிறவர்கள் அரிது.

இன்னும் ஒரு கூட்டத்தாரை இங்கே சொல்லியாக வேண்டும். 1960-இல் தொடங்கிய எல்லைச் சாலை நிறுவனம்தான் இந்தச் சாலையைப் பராமரிக்கிறது. அதற்காக ஜார்கண்டிலிருந்தும் பீகாரிலிருந்தும் நேபாளத்திலிருந்தும் வரும் தொழிலாளர்கள் கோடை முழுவதும் சாலையோரக் கூடாரங்களிலேயே இருக்கிறார்கள். முகத்தைத் துணியால் சுற்றிக்கொண்டு, தார் பீப்பாய்க்குக் கீழே எரியும் நெருப்பின் கரும்புகையில் நின்று ஜல்லி கொட்டுகிறார்கள். நமக்கு ஒரு நாள் போதும் போதும் என்றாகும் இடத்தில் அவர்கள் மாதக்கணக்கில் மண்வெட்டி பிடிக்கிறார்கள். நின்று வணக்கம் சொல்லுங்கள். பேரீச்சைப் பொட்டலம் உபரியாக இருந்தால் அது போய்ச் சேர வேண்டிய இடம் இதுதான்.

நக்கீ லாவும் விஸ்கி நாலாவும்

இருபத்தொன்றாவது வளைவோடு முடிந்தது என்று நினைப்பவர்களுக்கு அடுத்த ஏழெட்டு கிலோமீட்டர் மனத்தை உடைக்கும். சரிவு குறைவுதான், ஆனால் ஒவ்வொரு திருப்பத்திலும் கணவாய் இதோ என்று தோன்றி, இல்லை என்று ஆகும். முன்பே தெரிந்துகொண்டு போனால் தொல்லையில்லை. வளைவுகளின் உச்சியில் நன்றாக ஒரு முறை சாப்பிட்டுவிட்டுத் தொடருங்கள். பிரார்த்தனைக் கொடிகள் கட்டிய கல் குவியலைக் கண்டால்தான் நக்கீ லா.

இறக்கம் சிறியதாயினும் ஜாக்கெட்டும் கையுறையும் போட்டுக்கொண்டே இறங்க வேண்டும். நனைந்த பனியனோடு காற்றில் இறங்கினால் விஸ்கி நாலா வருவதற்குள் நடுக்கம் எடுத்துவிடும்.

விஸ்கி நாலாவில் பருவ காலத்தில் சில கூடாரத் தாபாக்கள் இருக்கும். மேகியும் ஆம்லெட்டும் டீயும் கிடைக்கும். இங்கே கடிகாரத்தைப் பாருங்கள். ஆற்றங்கரைக்கு இரண்டு மணி, லூப்ஸுக்கு ஓய்வோடு மூன்று மணி, நக்கீ லாவுக்கு ஒன்றரை, இறக்கம் அரை மணி. ஆறுக்குக் கிளம்பியவர் ஒரு மணி வாக்கில் இங்கே வந்திருப்பார். இன்னும் லாச்சுங் லாவுக்கு இரண்டு மணி, பாங் இறக்கத்துக்கு இரண்டு மணி. பிற்பகல் இரண்டு மணிக்குள் வந்து, தலை தெளிவாக இருந்து, சாப்பாடும் உள்ளே போனால் மேலே போகலாம். மூன்று மணிக்குப் பிறகு வந்தவர்கள் போக வேண்டாம். செப்டம்பரில் ஆறரைக்கெல்லாம் வெளிச்சம் போய்விடும். பாங் பள்ளத்தாக்கின் பாறைச் சுவர்களுக்குள் அதற்கும் முன்பே இருட்டும்.

தலைவலி இல்லாதவர்கள் இங்கேயே தங்கலாம். தலைவலி இருந்தால் இந்த உயரத்தில் உறங்கக் கூடாது. லாரியில் சைக்கிளை ஏற்றிப் பாங் போய்விடுங்கள். ஓட்டுநர்கள் பழகியவர்கள், கயிறு போட்டுக் கட்டித் தருவார்கள். முழுத் தூரத்தையும் சைக்கிளிலேயே முடித்தேன் என்று சொல்வதற்காக ஒருவர் உடம்பைப் பணயம் வைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

லாச்சுங் லா

நாளின் கடைசி ஏற்றம். 5,000 மீட்டரைத் தாண்டுகிறீர்கள். பையில் இருக்கும் சிப்ஸ் பாக்கெட் பலூன் போல் உப்பியிருக்கும். வெளிக்காற்றின் அழுத்தம் அவ்வளவு குறைந்துவிட்டது. காட்டா லூப்ஸில் செய்ததையே இன்னும் மெதுவாகச் செய்யுங்கள். ஒரு கிலோமீட்டர் கல்லிலிருந்து அடுத்த கல் வரை மட்டும் யோசித்தால் போதும்.

இங்கே உங்களையும் கூட வருபவரையும் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும். ஏறும்போது மூச்சு வாங்குவது இயல்பு. நின்று ஐந்து நிமிடம் ஆன பிறகும் மூச்சு அடங்கவில்லை, வறட்டு இருமல் விடாமல் வருகிறது, உதடு நீலம் பாரிக்கிறது என்றால் நுரையீரலில் நீர் கோக்கத் தொடங்கியிருக்கலாம். கேட்ட கேள்விக்குச் சம்பந்தமில்லாத பதில், தேவையில்லாத கோபம், தடுமாறும் நடை என்றால் மூளை வீங்கத் தொடங்கியிருக்கலாம். இரண்டும் உயிருக்கு ஆபத்தானவை. அப்படிப்பட்டவர் தனக்கு ஒன்றுமில்லை என்றுதான் சொல்வார், அதை நம்பாதீர்கள். வரும் முதல் வண்டியில் ஏற்றுங்கள். ஆளைத் தனியாக அனுப்பாமல் ஒருவர் கூடவே போங்கள். பாங்கில் ராணுவ முகாம் இருக்கிறது. நேராக அங்கே போய் உதவி கேளுங்கள்.

கணவாயில் பதினைந்து நிமிடத்துக்கு மேல் இருக்க வேண்டாம். படம் எடுத்தோம், கொடிகளைச் சுற்றி வந்தோம், இறக்கத்துக்கான உடைகளைப் போட்டோம், பிரேக்கைச் சரிபார்த்தோம் என்று முடித்துக்கொண்டு இறங்குங்கள்.

பாங் இறக்கம்

களைத்த உடம்போடு கெட்ட சாலையில் இறங்குவதால், அன்றைய விழுதல்கள் பெரும்பாலும் இங்கேதான் நடக்கின்றன. தார் திடீரென்று முடிந்து மணல் வரும். மணலில் பிரேக்கை அழுத்தினால் முன்சக்கரம் வழுக்கும். மணலுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிட்டு, இரண்டு பெடலும் ஒரே மட்டத்தில் இருக்க, உடம்பைப் பின்னுக்குத் தள்ளி, பிரேக்கைத் தொடாமல் கடக்க வேண்டும். நெடுக அழுத்திக்கொண்டே இறங்கினால் ரிம் சுட்டு டியூப் வெடிக்கலாம், டிஸ்க் பிரேக் என்றால் பிடிப்பு மங்கலாம். அழுத்தி வேகத்தைக் குறைப்பது, விடுவது, மறுபடி அழுத்துவது என்று இறங்குங்கள். கால் மணிக்கு ஒரு முறை நின்று விரல்களை உதறுங்கள். உணர்வற்ற விரல்களால் பிரேக் பிடிக்க முடியாது.

நிற்கும்போது நிமிர்ந்தும் பாருங்கள். காற்றும் நீரும் அரித்தெடுத்த செம்பழுப்புப் பாறைத்தூண்கள் இரு பக்கமும் கோபுரம் கோபுரமாக எழுந்து நிற்கும். காரில் போகிறவர்கள் தூசுக்குப் பயந்து கண்ணாடியை ஏற்றிக்கொண்டு கடந்துவிடும் இடம் இது. சைக்கிளில் வந்தவருக்கு முழுதாகக் கிடைக்கிறது.

பாங்கில் சாலையோரம் வரிசையாகத் தாபாக்கள். பெரும்பாலும் லடாக்கிப் பெண்கள் நடத்துவது; உள்ளே சுவரையொட்டி மெத்தைகளும் கம்பளிகளும் விரித்திருப்பார்கள். ஜூலே என்று சொல்லி நுழைந்தால் முதலில் சூடான டீ வரும். உடனே படுத்துவிடாதீர்கள். உலர்ந்த உடைக்கு மாறி, ஒரு லிட்டர் தண்ணீராவது மெல்ல மெல்லக் குடித்து, ராஜ்மா சாதமோ துக்பாவோ வயிறு கொண்ட மட்டும் சாப்பிடுங்கள். வெளிச்சம் இருக்கும்போதே செயினைத் துடைத்து எண்ணெய் விடுங்கள், பிரேக் பேட் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று பாருங்கள், கேரியரின் திருகாணிகளை முறுக்குங்கள். மது வேண்டாம், தூக்க மாத்திரையும் வேண்டாம். இரண்டும் இரவு மூச்சைக் குறைக்கும்.

களைப்பாக இருக்கிறதே, நாளை பாங்கில் ஓய்வெடுப்போமா என்று கேட்பார்கள். 4,600 மீட்டரில் உடம்பு சரியாகத் தேறாது, தூக்கமும் அரைகுறைதான். உடம்பில் நோய்க்குறி இல்லையென்றால் கிளம்பிவிடுவதே நல்லது. பாங்கை விட்டதும் சில கிலோமீட்டர் வளைந்து ஏறும் சாலை, அது முடிந்ததும் 40 கிலோமீட்டருக்கு மோரே சமவெளி. பிற்பகல் காற்று அங்கேயும் உண்டு. ஏழு மணிக்குள் கிளம்பினால் காற்று எழுவதற்கு முன் சமவெளியின் பெரும்பகுதியைக் கடந்துவிடலாம்.